வெள்ளிக்கிழமைச் சூப்

அகஸ்ரினா போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்தது என்று பேசாலைக் கரையில் ஒருவரும் சொன்னதில்லை. வலைக்கு ஈயம் கட்டவும், புயல் வரப்போகிறதென்றால் படகைப் பிணைக்கவும், சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிற்றைச் சரிபார்க்கவுங்கூட அவளைத் தேடி ஆள் வரும். கட்டையான விரல்கள். பார்த்தால் ஆண்பிள்ளைக் கை மாதிரி இருக்கும். கலியாணம் பேசி வந்த நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மோதிரம் போட ஏலாது, ஆனா பட்டினி கிடக்கவும் மாட்டாள்" என்று சொன்னாளாம். அகஸ்ரினா இதைத் தானே எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

மாப்பிள்ளை மரியதாசனுக்குச் சொந்தப் படகு இருந்தது. அக்கரை இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போன வருசங்களில் அந்தப் படகும் கைமாறிப் போனது. பிறகு அவனுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வாய் கோணி, வலது கை விழுந்து, மாமரத்தின் கீழ் கதிரையில் உட்கார்ந்து கடலைப் பார்க்காமல் றோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினான். அந்த மாதமே அகஸ்ரினா நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போனாள். மகன் டிலுக்சன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

கொம்பனி மன்னார்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருந்தது. நீலக்கால் நண்டை அவித்து, சதையைப் பிரித்து, தகரப் பேணியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலைத் தொப்பி, வாய்க்கு மறைப்பு, காலுக்கு ரப்பர் சப்பாத்து. முதல் நாள் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "பிரேதம் கழுவப் போற ஆஸ்பத்திரி மிசி மாதிரி இருக்கிறன்" என்றாள் அகஸ்ரினா. ஆனால் கை கெதியாகப் பழகிவிட்டது. மூன்றாம் வருசம் அவளை லைன் லீடர் ஆக்கினார்கள். இருபது பெண்களுக்கு மேலே அவள். அவளுக்கு மேலே மனேஜர் ரொபின்சன்.

ரொபின்சன் மன்னார் டவுன்காரன். அவளைவிடப் பத்து வயது இளையவன். சிங்களம், இங்கிலீஷ் எல்லாம் தண்ணி மாதிரிப் பேசுவான். ஆனால் யாரையும் எடுத்தெறிந்து கதைக்கமாட்டான். "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். டிலுக்சன் சோதனை பெயிலாகி வீட்டில் நின்றபோது, அவனைக் கொம்பனியின் ஐஸ் லொறியில் ஏற்றிவிட்டதும் ரொபின்சன்தான். அதற்காக அகஸ்ரினா அவன் பேரைச் சொல்லி ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறாள்.

நண்டு அவிக்கிற இடத்தில் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று நின்றது. நண்டுக் கூடைகளை உள்ளே தள்ளிக் கதவை மூடி, மேலும் கீழுமாக இரண்டு கொளுக்கிகளை இறுக்கினால் உள்ளே ஆவி வரும். அவிந்த பிறகு ஆவியை வெளியே விட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். மாசி மாதம் மேல் கொளுக்கி முறிந்தது. சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்கள். கடலில் அப்போது நண்டு அள்ளுகொள்ளையாகப் பட்டுக்கொண்டிருந்தது. பெட்டியை நிறுத்தினால் நண்டு அழுகும்.

"அக்கா," என்றான் ரொபின்சன், "உங்கட கையால ஒரு கட்டுக் கட்டிவிடுங்கோவன். சாமான் வருமட்டும்தான்."

அகஸ்ரினா மறுநாள் வீட்டிலிருந்து நைலோன் கயிறு கொண்டு வந்தாள். மரியதாசனின் படகு நங்கூரத்தில் கிடந்த கயிறு. அதைக் கதவின் வளையத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, கதவு திறக்கும்போது கழற்றி மாட்ட ஒரு கண்ணி விட்டு இழுத்துக் கட்டினாள். மறு நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது கிருஷிகா.

கிருஷிகா அடம்பன் ஊர்ப் பிள்ளை. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, பத்து வயதில் தாயோடு திரும்பி வந்தவள். பேச்சு இன்னும் முழுக்க இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. மற்றப் பெட்டைகள் அவளைப் பகிடி பண்ணுவார்கள், அவளும் விடமாட்டாள். அன்றைக்கு அந்த முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இத வச்சுக் கப்பலையே கட்டிப் போடலாம் போல இருக்கே" என்றாள்.

"கப்பலைக் கட்டின கயிறுதான்டி. நீ இழுத்து அறாது."

அந்தக் கயிறு கடலில் எத்தனையோ வருசம் கிடந்தது. உப்புத் தின்னவில்லை, வெயில் தின்னவில்லை, கடலடிப் பார் கல்லில் உரசியும் நார் விடவில்லை. ஆவியில் அது இளகும் என்று அகஸ்ரினாவுக்குத் தெரியாது. கடற்கரையில் யாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. நாளுக்கு நாலைந்து தடவை சூடேறிச் சூடேறி, கயிறு வெளியில் மினுங்கிக்கொண்டே உள்ளுக்குள் மெழுகுபோல ஆகிக்கொண்டிருந்தது. முடிச்சு அவிழவில்லை. பங்குனி தொடக்கத்தில் ஒரு காலை, முடிச்சு முடிச்சாகவே இருக்க, அதற்குப் பக்கத்தில் கயிறு இழுபட்டு அறுந்தது. கீழ்க் கொளுக்கி பிய்ந்து கதவு அடித்துத் திறந்தபோது கிருஷிகா கூடையோடு அந்த இடத்தைக் கடந்து கொண்டிருந்தாள்.

முகம், கழுத்து, இரண்டு கை. மன்னாரிலிருந்து அனுராதபுரத்துக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் ஏற்றினார்கள்.

அறுந்த கயிற்றை அன்று பின்னேரமே யாரோ எடுத்துவிட்டார்கள். மறுநாள் பெட்டிக்குப் புதுக் கொளுக்கி வந்தது.

கொழும்பில் நட்டஈட்டு விசாரணை என்று கடிதம் வந்தபோது தவக்காலம் முடியப் போகிறது. சாட்சிக்கு இரண்டு பேரை வரச் சொல்லியிருந்தார்கள்: லைன் லீடர் அகஸ்ரினா, பெட்டிக்குப் பக்கத்தில் வேலை செய்த பர்ஸானா. பர்ஸானா மறிச்சுக்கட்டி ஊர்க்காரி, இரண்டு பிள்ளைகளின் தாய். நோன்புப் பெருநாள் முடிந்து வேலைக்குத் திரும்பி ஒரு கிழமைதான். கொம்பனி வானிலேயே எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவதாக ரொபின்சன் சொன்னான்.

கிருஷிகாவின் தாய் ஆஸ்பத்திரியில் நின்று நின்று காய்ச்சல் பிடித்து அடம்பனுக்குத் திரும்பியிருந்தாள். எழும்ப ஏலாது. ஒரு தகர டின் நிறையப் பொரிவிளாங்காய் உருண்டை செய்து, மூடியை வலை நூலால் சுற்றிக் கட்டி, அடம்பன் பஸ்காரரிடம் கொடுத்து அகஸ்ரினாவுக்கு அனுப்பியிருந்தாள். மகளிடம் சேர்க்கச் சொல்லி. அகஸ்ரினா அதை வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. விசாரணை இரண்டு மணிக்கு.

"தம்பி, பன்ரெண்டுக்கு வார்ட்டில ஆக்களை விடுவினம். பிள்ளையைப் பாத்திட்டு வருவமே?"

"பின்னேரமும் விடுவாங்கள் அக்கா. முதல்ல சாப்பிடுவம். வெறும் வயித்தோட விசாரணைக் கந்தோருக்குப் போனா வாய் குழறும்." ரொபின்சன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "உங்கள் ரெண்டு பேருக்கும் இண்டைக்கு ஒரு புதுச் சாப்பாடு. சைனாக்காரன்ர சட்டி. இந்தப் பிறப்பில காணாத சாப்பாடு."

"அவங்கள் பாம்பும் தின்னுறவங்கள் எல்லோ?" என்றாள் பர்ஸானா.

"பாம்பு தீந்து போச்சாம். நண்டுதான் இருக்காம்."

அகஸ்ரினாவுக்கும் சிரிப்பு வந்தது. வந்த பிறகு அது பிடிக்கவில்லை.

கடை மூன்றாம் மாடியில். சிவப்புக் கடதாசி விளக்குக் கூடுகள் தொங்கின. உள்ளே ஏசிக் குளிரும் ஆவியும் கலந்து ஒரு விதமான ஈரம். ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஒரு குழி, குழிக்குள் அடுப்பு, அடுப்பில் சட்டி. சனம் சுற்றி உட்கார்ந்து பச்சைச் சாமானைத் தாங்களே போட்டு அவித்துத் தின்றுகொண்டிருந்தது. அகஸ்ரினா வாசலிலேயே நின்றாள்.

"என்ன அக்கா?"

"காசு குடுத்தும் நாங்கள்தான் சமைக்க வேணுமே?"

"அதுதான் இங்க விசேஷம். எவ்வளவும் எடுக்கலாம். மிச்சம் விட்டாத்தான் குற்றம்."

பர்ஸானா குரலைத் தாழ்த்தினாள். "சேர், ஹலாலோ?"

"இறைச்சித் தட்டுப் பக்கம் போகாதையும். கடல் சாமான் எடும். கடலில என்ன ஹராம்?" பிறகு அகஸ்ரினாவிடம், "உங்களுக்கும் இண்டைக்குச் சுத்தபோசனம்தானே, எனக்கும்தான். மூண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. சோலி முடிஞ்சுது."

தவக்காலத்து வெள்ளி. இறைச்சி தொடாத நாள். ரொபின்சன் அதை நினைவில் வைத்திருந்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அவன் வேலைக்காரப் பெண்ணிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். அவள் சட்டி ஒன்றைக் கொண்டு வந்து அடுப்பில் இறக்கினாள். தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளை வெளேரென்ற சூப். மேலே இரண்டு துண்டு லீக்ஸும் ஏதோ சிவப்புப் பழமும் மிதந்தன.

சாமான் அடுக்கியிருந்த இடத்தில் இரண்டு பெண்களும் தட்டோடு நடந்தார்கள். கடதாசி போலச் சீவிச் சுருட்டி வைத்த இறைச்சியை விலத்தி, இறால், கணவாய், மட்டி, காளான், கீரை என்று எடுத்தார்கள். ஐஸ் மேல் பாதி பாதியாக வெட்டிய நண்டு கிடந்தது. காலில் நீலம்.

"அக்கா, எங்கட ஆள்," என்றாள் பர்ஸானா. "ஸலாம் சொல்லுங்கோ."

"மன்னார் நண்டு இஞ்ச ஏன் வருது?"

"எங்களைப் போலத்தான். வான் பிடிச்சு."

அகஸ்ரினா நண்டை எடுக்கவில்லை.

சூப் கொதிக்கத் தொடங்கியது. ஆவி நேராக முகத்தில் அடித்தது. அகஸ்ரினா கதிரையைப் பின்னால் இழுத்தாள். மேசையோ கையெட்டாத தூரத்துக்குப் போனது. மறுபடி முன்னால் வந்தாள். பர்ஸானா துளைக் கரண்டியில் இறாலை வைத்துச் சூப்பில் தாழ்த்தினாள். சாம்பல் நிற இறால் கண் முன்னாலேயே சிவந்து சுருண்டது. தோல் மாறுகிற அந்த நேரத்தைப் பார்க்க முடியாமல் அகஸ்ரினா மடியிலிருந்த டின்னைப் பார்த்தாள்.

"சாப்பிடுங்கோ அக்கா," என்றான் ரொபின்சன். அவன் ஒரு கிண்ணத்தில் உள்ளிப்பூண்டு, எள்ளெண்ணெய், மல்லி எல்லாம் கலந்து கொண்டு வந்து அவள் முன் வைத்தான். "தொட்டுத் தின்னுங்கோ. நல்லா இருக்கும்."

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு மோசமாகப் பட்டது. விடியப்புறம் குடித்த பிளேன்ரீக்குப் பிறகு வயிற்றில் ஒன்றுமில்லை. கணவாய் வெண்ணெய் போல வழுகியது. சூப்பை ஒரு கரண்டி குடித்தாள். பிறகு ஒரு கிண்ணம். பிள்ளைப்பெறு வீட்டில் காய்ச்சிக் கொடுக்கிற சரக்குத் தண்ணி போல உள்ளே இறங்கி உடம்பைத் தளர்த்தியது.

அவர்கள் பாதி சாப்பிட்டு முடிந்த பிறகு ரொபின்சன் பேச்சை எடுத்தான்.

"ஒரே ஒரு கேள்விதான் கேப்பினம். கயிறு கட்டினது ஆர் எண்டு. ரெண்டு பேரும் தெரியாது எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"தெரியாதெண்டால்... ஆரெண்டு எழுதுவினம்?"

"அந்தப் பிள்ளைதான் கட்டினது, அவள்தான் அவசரத்தில திறந்தது எண்டு கொம்பனி சொல்லும். அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். சும்மா தெரியாது எண்டால் போதும்."

"அப்ப அவளுக்குக் காசு?"

"கொம்பனி ஏதும் குடுக்கும் அக்கா. சும்மா விடாது." அவன் ஒரு மட்டியைத் திறந்தான். "நான் உங்களுக்காகத்தான் சொல்லுறன். யோசிச்சுப் பாருங்கோ. கயிறு ஆரின்ர? முடிச்சு ஆரின்ர? அதை அங்க போய்ச் சொன்னால் நாளைக்குப் பொலிஸ் உங்களிட்டத்தான் வரும், என்னட்ட வராது. மரியதாசன் அண்ணையைப் பாக்கிறது ஆர்?" மட்டி ஓட்டைத் தட்டில் போட்டுவிட்டு, "டிலுக்சன் லொறியில நல்லா வேலை செய்யிறான். லைசென்ஸ் எடுத்துக் குடுக்கலாம் எண்டு பாக்கிறன்" என்றான்.

அவன் குரலில் வெருட்டலே இல்லை. கோயில் பெருநாளுக்கு ஆர் என்ன செய்வது என்று பிரித்துக் கொடுக்கிற மாதிரித்தான் கதைத்தான்.

அகஸ்ரினா தலையை ஆட்டினாள். ஓம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ரொபின்சன் ஓம் என்று எடுத்துக்கொண்டான்.

சூப் வற்றியிருந்தது. பெரிய கூஜாவோடு வேறொரு பெண் வந்தாள். மெலிந்த பிள்ளை, ஹற்றன் மலைப் பக்கத்துத் தமிழ். ஊற்றுவதற்குச் சாய்த்தவள் பர்ஸானாவின் முக்காட்டைக் கண்டு கையை நிமிர்த்திக்கொண்டாள்.

"அக்கா, நீங்களா இதில சாப்பிடுறீங்க?"

"ஏன்?"

"இது பன்றி எலும்பு சூப்பு அக்கா. ராத்திரி முழுக்க எலும்ப அவிச்சு எடுக்கிறது. முஸ்லிம் ஆளுங்களுக்குக் காளான் சூப்பு வேற சட்டியில இருக்கே. ஓடர் எடுக்கையில சொல்லலியா?"

பர்ஸானா கரண்டியை மேசையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிக் கழுவுமிடத்தைத் தேடி நடந்தாள். கடைசி நாலடியை ஓடினாள்.

"சேர்தான் இதைக் கேட்டாரு," என்று சொல்லிக்கொண்டு அந்தப் பெண் கூஜாவோடு நின்றாள்.

ரொபின்சன் கைதுடைக்கிற கடதாசியை மடித்தான். "நல்லது எதுவோ அதைக் கொண்டு வா எண்டனான். உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு எனக்கு என்ன தெரியும்? தெரியாமச் சாப்பிட்டது பாவமே அக்கா? எங்கட சாமியும் கணக்கெடுக்காது, அவையின்ர அல்லாவும் கணக்கெடுக்காது. போய் அவளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அகஸ்ரினா டின்னையும் தூக்கிக்கொண்டு போனாள். பர்ஸானா கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். விரலை விட்டு ஓங்காளித்து, வாய் கொப்பளித்து, மறுபடி விரலை விட்டாள். அகஸ்ரினா அவளின் முதுகைத் தடவினாள். முக்காடு நனைந்துவிட்டது. தன் வயிற்றுக்குள்ளும் அதே சூப் கிடப்பது அவளுக்குத் தெரிந்தது. இறைச்சித் தட்டை விலத்தி நடந்ததும், கணவாயைத் தெரிந்து எடுத்ததும், எல்லாவற்றையும் அதற்குள் போட்டு அவித்ததும்.

"நான் கேட்டனான் அக்கா," என்றாள் பர்ஸானா, கண்ணாடியைப் பார்த்து. "நீங்கள் பக்கத்திலதானே நிண்டீங்கள். நான் வாயைத் திறந்து கேட்டனான்."

"ஓம் பிள்ளை."

"அவருக்குத் தெரியும்."

"அப்பிடிச் சொல்லாத."

"பின்னை ஆருக்குத் தெரியும்? சட்டி கேட்டு எடுத்தது ஆர்?"

அகஸ்ரினா தண்ணீரைத் திறந்து விட்டாள். "நீ அங்க என்ன சொல்லப் போறாய்?"

"என்னை ஆர் கேக்கப் போறான். நீங்கள்தானே லீடர்." பர்ஸானா முக்காட்டைப் பிழிந்தாள். "உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையே அக்கா? சத்தி வரேல்லையே?"

"இல்லை."

அது உண்மை. சத்தி வரவில்லை. அந்தச் சூப் அவளுக்குச் செமித்துக்கொண்டிருந்தது.

விசாரணை நடந்த அறை சின்னது. காற்றாடி ஒன்று சுற்றியது. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெடியன். கொம்பனிப் பக்கம் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவரும் ரொபின்சனும். கிருஷிகாவின் தரப்பு உட்கார வேண்டிய நீள வாங்கு வெறுமனே கிடந்தது. ரொபின்சன் முதலில் சிங்களத்தில் பேசினான். அகஸ்ரினாவுக்குச் சந்தைச் சிங்களம்தான் தெரியும். ஆனால் கயிறு என்ற சொல் விளங்கியது. கிருஷிகா என்ற பேர் இரண்டு முறை வந்தது. மற்றது விளங்கத் தேவையில்லை.

பிறகு அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிருஷிகாவிடம் எடுத்த வாக்குமூலத்தை வாசித்தார். பெடியன் தமிழில் சொன்னான்.

"கொளுக்கி முறிஞ்சு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நான் கதவைத் தொடவில்லை. கயிறு கட்டினது யார் என்று எனக்குத் தெரியாது."

அகஸ்ரினா நிமிர்ந்து பார்த்தாள். பெடியன் பிழையாகச் சொல்லிவிட்டானோ என்று நினைத்தாள். கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கிருஷிகா. கப்பலைக் கட்டலாம் என்று சொன்னவள். முகத்தைத் துணியால் சுற்றிக் கிடந்துகொண்டு, கேட்க வந்தவர்களிடம் அவள் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள்.

"அகஸ்ரினா மரியதாசன்," என்று பெடியன் கூப்பிட்டான். "அந்தக் கயிற்றைக் கட்டினது ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

அவள் எழும்பி நின்றாள். வாயில் இன்னும் உள்ளியும் எள்ளெண்ணெயும் இருந்தன. ரொபின்சன் அவளைப் பார்க்கவில்லை. தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரியதாசனின் கதிரை நினைவுக்கு வந்தது. டிலுக்சன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த மேசைக் காற்றாடி நினைவுக்கு வந்தது. தெரியாது என்ற சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. சொல்லுவதற்கு அது மிகச் சின்னச் சொல்.

"நான்," என்றாள்.

பெடியன் காத்திருந்தான்.

"நான்தான் கட்டினனான். கயிறும் என்ர வீட்டுக் கயிறுதான். மனேஜர் கட்டச் சொன்னவர், நான் கட்டினனான். அது ஆவிக்கு இளகும் எண்டு எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை நுனியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது மட்டும்தான். கதவு தானாத்தான் திறந்தது."

பெடியன் சிங்களத்தில் சொல்லி முடிக்க முன்பே கறுப்புக் கோட்டுக்காரர் எழும்பினார். இந்த அம்மா தானாகக் கட்டியிருக்கிறார், கொம்பனிக்குத் தெரியாமல் கட்டியிருக்கிறார், அதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அவர் சொன்னதைப் பெடியன் தமிழில் சொன்னான். மேசைக்குப் பின்னாலிருந்த அம்மா, கட்டச் சொன்னீர்களா என்று ரொபின்சனிடம் கேட்டார். ரொபின்சன் தான் அப்படிச் சொல்லவில்லை என்றான். இந்த முறையும் குரலை உயர்த்தவில்லை.

பர்ஸானாவையும் கேட்டார்கள். அவளின் முக்காடு இன்னும் காயவில்லை. "அவர் சொன்னவர். நான் பக்கத்தில நிண்டனான். என்ர ரெண்டு காதாலையும் கேட்டனான்," என்றாள். 

இரண்டு பேர் சொல்லையும் எழுதிக்கொண்டு, வைகாசியில் ஒரு தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் அவளைப் பாராட்டவுமில்லை, பிடித்துக்கொண்டு போகவுமில்லை.

வாசலில் வான் இல்லை. றைவர் வாசல் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போனாராம், இடம் காணாது, பஸ்ஸில் வரட்டாம் என்று. அகஸ்ரினாவின் போன் அடித்தது. டிலுக்சன்.

"அம்மா, என்ன செய்தனீங்கள்? லொறியால இறங்கச் சொல்லிப்போட்டாங்கள்."

"வந்து சொல்லுறன்."

"என்னம்மா செய்தனீங்கள்?"

"அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடு. வாறன்."

ஐந்து மணிக்கு வார்ட்டைத் திறந்தார்கள். பர்ஸானா கீழே பைப்பில் வாயை மறுபடி கழுவப் போனாள். அகஸ்ரினா மட்டும் முதலில் ஏறினாள். கிருஷிகா கடைசிக் கட்டிலில், ஜன்னல் பக்கம். தலையும் கழுத்தும் வெள்ளைத் துணி. ஒரு கண்ணும் வாயும் மட்டும் வெளியே. இரண்டு கையும் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தன, யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

"வாங்கக்கா." அவள் மூச்சை இழுத்தாள். "உங்க மேல பூண்டு வாசம் அடிக்குதே. கல்யாண வீட்டுக்கா போனீங்க?"

அகஸ்ரினா உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்று, பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ரொபின்சன் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனவர். சைனாச் சாப்பாடு."

"எப்பிடி இருந்துச்சு?"

சொல்ல வேண்டி வந்தது. மேசை நடுவில் அடுப்பு, அதில் சட்டி, பச்சைச் சாமானை நாங்களே போட்டு எடுப்பது. கிருஷிகா அந்த ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்துவிட்டுத் திறந்தாள்.

"சட்டி முகத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கும்?"

அகஸ்ரினா கையால் அளந்து காட்டினாள். பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டாள்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருந்தது."

"ஆனாச் சாப்பிட்டீங்க."

"ஓம்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகினார்கள். அகஸ்ரினா கேட்டாள்: "ஏனடி தெரியாது எண்டு சொன்னனீ?"

"கை விழுந்து உக்காந்திருக்க மாமாவுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றாள் கிருஷிகா. "நீங்களும் தெரியாதுன்னுதானே சொன்னீங்க?"

"இல்லை. நான்தான் எண்டு சொல்லிப்போட்டன்."

கிருஷிகா கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினாள். துணிக்குள் அவள் முகம் என்ன செய்தது என்று காண வழியில்லை.

"அப்ப வேலை போச்சா?"

"போச்சு. டிலுக்சனுக்கும் போச்சு."

"எனக்குக் காசு வருமா?"

"தெரியாது பிள்ளை." இந்த முறை அந்தச் சொல் உண்மையாக இருந்தது.

அகஸ்ரினா டின்னை எடுத்தாள். "அம்மா தந்துவிட்டவா. பொரிவிளாங்காய்." தாய் கட்டியிருந்த வலை நூலை அவிழ்த்து, மூடியைத் திறந்து காட்டினாள். கிருஷிகா வாசத்தை மணந்து பார்த்தாள். கடிக்க ஏலாது, வாய் திறக்கத் தோல் விடாது என்று வார்ட்டு மிசி தூரத்தில் நின்று சொன்னாள். இங்கே இருக்கட்டும், பிறகு பொடித்துப் பாலில் கரைத்துக் கொடுக்கலாம் என்றாள்.

அகஸ்ரினா மூடியைப் போட்டு அமத்தினாள். எறும்பு ஏறும் என்ற நினைப்பில் நூலை எடுத்து மூடியைச் சுற்றினாள். விரல்கள் தம்பாட்டில் வேலை செய்தன. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நுனியை உள்ளே விட்டு இழுக்கப் போனாள்.

"கட்டாதீங்கக்கா," என்றாள் கிருஷிகா.

அகஸ்ரினாவின் கை நின்றது.

"சும்மா மூடி மட்டும் இருக்கட்டும்."

அகஸ்ரினா நூலை உருவி எடுத்து, உருட்டி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மணி அடிக்கும்வரை டின்னின் மேல் கையை வைத்து அமத்திக்கொண்டே இருந்தாள்.